14 வயது பேஸ்பால் பிட்சர், முழங்கை வலி: அடுத்த வாரப் போட்டியில் வீச விடலாமா?

கொண்டலாம்பட்டி_அப்பா கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் கொண்டலாம்பட்டி பக்கம் நாலு விசைத்தறி வைத்து ஓட்டுகிறேன். விளையாட்டு என்றால் எனக்குத் தெரிந்தது டிவியில் பார்க்கும் கிரிக்கெட் மட்டும்தான், அதனால் கேட்பதில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பையன் ஒன்பதாவது படிக்கிறான், 14 வயது. ஏழாவது படிக்கும்போது பவுண்டரிக் கோட்டிலிருந்து அவன் எறிந்த பந்து தரையில் படாமல் கீப்பர் கைக்குப் போனதைப் பார்த்துவிட்டு பி.டி. சார் அவனை பேஸ்பால் டீமில் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து பிட்சர். கிரிக்கெட் மாதிரி ஓடிவந்து போடுவதில்லை, நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி, முழுக் கையையும் சுழற்றி வீச வேண்டும். போன வருஷம் ஒரு போட்டிக்கு நானே தறியை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். இவன் வீசுவதும், எதிரே நின்ற பையன் மட்டையைச் சுழற்றிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்புவதுமாகவே இருந்தது. பக்கத்தில் நின்ற வேறு பள்ளி வாத்தியார் ஒருவர், இது யார் பையன் என்று கேட்டார். என் பையன் என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அவன் படுக்கிற இடத்துச் சுவரில் ஷோஹெய் ஓட்டானி என்ற ஜப்பான் பேஸ்பால் வீரர் படம் ஒட்டியிருக்கிறான். "பள்ளிக்கூடத்திலேயே 160 கிலோமீட்டர் வேகத்தில் வீசினார்ப்பா" என்று தினமும் ஏதாவது ஒன்று சொல்வான். அமெரிக்காவில் மேஜர் லீக் என்று ஒன்று இருக்கிறதாம், அங்கே போய் ஆடுவானாம். நானும் அவன் அம்மாவும் இதைக் கேட்டுச் சிரித்ததில்லை. சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் இந்தியக் கிரிக்கெட் அணிக்குப் போன மாவட்டம் இது, பையன் கனவைப் பார்த்து யார் சிரிக்க முடியும்?

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். மூன்று வாரமாக முழங்கையின் உள்பக்கம் வலி. எங்களிடம் மறைத்துவிட்டான். சாப்பிடும்போது கையை முழுக்க நீட்டாமல் தண்ணீர்ச் சொம்பை எடுப்பதைப் பார்த்து அவன் அம்மாதான் கண்டுபிடித்தாள். தைலம் தேய்த்துவிட்டு இப்போது வலி இல்லை என்கிறான், அழுத்தினால் முகம் சுருங்குகிறது. அடுத்த சனி, ஞாயிறு போட்டி. இரண்டு நாளில் மூன்று ஆட்டம், மூன்றிலும் இவனே வீசுவான் என்று டீமே நம்பிக்கொண்டிருக்கிறது. சார் நல்ல மனிதர், சொந்தக் காசில் பையன்களுக்கு முட்டை வாங்கிக் கொடுப்பவர், அவரைக் குறை சொல்ல வரவில்லை. வலி விஷயம் அவருக்கும் இன்னும் தெரியாது.

பள்ளியில் நட்சத்திரமாக இருந்து மேஜர் லீக் வரை போனவர்கள் எப்படித்தான் போனார்கள்? எத்தனை வருஷம் ஆகும்? இந்த வயதில் ஒரு போட்டியை விட்டுவிட்டால் வழி அடைத்துவிடுமா? கிரிக்கெட்டில் ஒரு பவுலர் பத்து ஓவர் போட்டாலே அறுபது பந்து ஆகிறது, அப்படிப் பார்த்தால் இது பெரிய பாரமில்லையே என்றும் ஒரு மனது சொல்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சூரமங்கலம்_டு_நியூஜெர்சி:

அண்ணா, நான் சூரமங்கலத்தில் ஸ்டேஷன் பக்கம் வளர்ந்தவன், இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறது. என் மகள் சாஃப்ட்பால் ஆடுகிறாள், அதனால் வாரக்கடைசி முழுக்க மைதானத்தில்தான். கை விஷயத்தை மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லட்டும், அந்தப் பாதை எப்படி என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

டெரக் ஜீட்டர் என்று ஒருவர். மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரில் பள்ளி மாணவர். 1992-ல் அமெரிக்காவின் மிகச் சிறந்த பள்ளி வீரர் என்று விருது கொடுத்தார்கள். இங்கே ஒவ்வொரு வருஷமும் டிராஃப்ட் என்று ஒன்று நடக்கும், 30 அணிகளும் வரிசையாகப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும். அந்த வருஷம் நாடு முழுவதிலும் ஆறாவது ஆளாக நியூயார்க் யாங்கீஸ் அவரை எடுத்தது. இதைப் படித்தால் மறுநாளே பெரிய மைதானத்தில் இறங்கியிருப்பார் என்றுதான் தோன்றும். நேராக ஃப்ளோரிடாவில் புதியவர்கள் ஆடும் கீழ்மட்ட லீகுக்கு அனுப்பினார்கள். முதல் நாள் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம், ஏழு தடவை மட்டை பிடித்து ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து முதல் பேஸையாவது சேர்வது) இல்லை, ஐந்து தடவை ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்துகளைத் தவறவிட்டே அவுட். பள்ளியில் யாராலும் அவுட் ஆக்க முடியாத பையன்! ராத்திரி ஓட்டல் அறையில் அழுதிருக்கிறார், வீட்டுக்குப் போன் பண்ணியே பில் எகிறியிருக்கிறது.

அடுத்த வருஷம் இன்னும் மோசம். 1993-ல் வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊர் அணிக்கு ஆடியபோது ஒரே சீசனில் 56 எரர். எரர் என்றால் பிடிக்க வேண்டிய பந்தை விடுவது, சரியாக எறிய வேண்டியதைத் தாறுமாறாக எறிவது. கிட்டத்தட்ட இரண்டு ஆட்டத்துக்கு ஒன்று. இவனை ஷார்ட்ஸ்டாப் இடத்திலிருந்து (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) மாற்றிவிடுங்கள் என்று பேச்சு வந்தது. அணி மாற்றவில்லை. சீசன் முடிந்ததும் பிரையன் பட்டர்ஃபீல்ட் என்ற பயிற்சியாளர் சில வாரங்கள் அவரை உட்காரவைத்து, பேட்டிங் இல்லாமல் வெறும் ஃபீல்டிங் மட்டும் சொல்லிக்கொடுத்தார். பந்தைக் கையுறைக்குள் எப்படி வாங்குவது, கால் எங்கே இருக்க வேண்டும் என்று அடிப்படையிலிருந்து. 1994-ல் மூன்று மட்டம் தாண்டினார். 1995 மே மாதம் மேஜர் லீகில் முதல் ஆட்டம், அதிலும் ஹிட் இல்லை. 1996-லிருந்துதான் நிரந்தர இடம். அப்புறம் 2014 வரை அதே அணி, 3,465 ஹிட், ஐந்து உலகத் தொடர் (மேஜர் லீகின் இறுதிக் கோப்பை) வெற்றி, சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் கிளவ் ஐந்து முறை. 56 எரர் விட்ட அதே கை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது அண்ணா. பள்ளியில் நட்சத்திரம் என்பது வாசல்படி. அதற்கப்புறம் மைனர் லீக் என்று நாலு மாடி இருக்கிறது: சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. 30 பெரிய அணிகளுக்குக் கீழே மொத்தம் 120 அணிகள். ராத்திரி பஸ்ஸில் பயணம், ஒரு அறையில் மூன்று நாலு பேர். 2021-க்கு முன்னால் கீழ் மட்டத்தில் வாரத்துக்கு 290 டாலர்தான் குறைந்தபட்சச் சம்பளம், அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். இந்த ஊரில் அதை வைத்து வீட்டு வாடகையே கொடுக்க முடியாது. மேலே ஒவ்வொரு அணியிலும் 26 இடம். டிராஃப்டில் வருஷத்துக்கு 600 பேருக்கு மேல் உள்ளே வருகிறார்கள். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் எடுக்கப்பட்டவன்தான் ஜெயிப்பான் என்றும் இல்லை. ஜீட்டருக்கு ஒரு வருஷம் முன்னால், 1991-ல், அதே யாங்கீஸ் நாட்டின் முதல் ஆளாக பிரையன் டெய்லர் என்ற பள்ளிப் பிட்சரை எடுத்து 15 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்தது. இரண்டு வருஷத்தில் ஒரு சண்டையில் வீசும் தோள்பட்டை கிழிந்தது. மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசாமலே முடிந்துபோனது. இன்னொரு பக்கம் மைக் பியாசா. 1988-ல் 62-ஆவது சுற்றில் 1,390-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அவரும், 1987-ல் பள்ளி முடித்த கையோடு முதல் ஆளாக எடுக்கப்பட்ட கென் கிரிஃபி ஜூனியரும் 2016-ல் ஒரே நாளில் ஹால் ஆஃப் ஃபேம் என்ற, மிகச் சிறந்த வீரர்களுக்கான கௌரவப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

அதனால் 14 வயதில் ஒரு சனி ஞாயிறு எதையும் திறந்துவிடாது, எதையும் அடைத்துவிடாது. கை போனால் மட்டும்தான் அடைக்கும்.

ஐந்துரோடு_ஆல்ரவுண்டர்:

எனக்கு வேறு கருத்து. சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாம் இருப்பது அமெரிக்கா இல்லை, இங்கே டிராஃப்டும் கிடையாது, தேடிவந்து பார்க்கிற ஆளும் கிடையாது. நம் பையன்களுக்கு இருப்பது இந்த மாதிரிப் போட்டிகள்தான், அதில் ஜெயித்தால் அடுத்த கட்டம், அங்கே நன்றாக ஆடினால் மாநில அணி, கையில் ஒரு சான்றிதழ், அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி இடம். தறிக்காரர் வீட்டுப் பையனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. நான் கல்லூரிக்குப் போனதே அப்படித்தான். வலியோடு ஆடிய நாட்கள் எனக்கும் உண்டு.

ஜப்பானில் மட்சுசாகா என்ற பையன் 1998-ல் தேசியப் பள்ளிப் போட்டியில், அவர்கள் கோஷியன் என்பார்கள், கால் இறுதியில் 17 இன்னிங்ஸ் (பேஸ்பாலில் இரண்டு அணியும் ஒரு முறை மட்டை பிடித்தால் ஒரு இன்னிங்ஸ், வழக்கமாக ஒன்பதோடு ஆட்டம் முடியும்), 250 பந்து வீசினான். மறுநாள் அரை இறுதியிலும் கடைசி இன்னிங்ஸ் வந்து வீசினான். அதற்கு மறுநாள் இறுதி ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விடவில்லை. அப்புறம் மேஜர் லீக் போய் 2007-ல் பாஸ்டன் அணியோடு உலகத் தொடர் ஜெயித்தான். பையன் ஆசைப்படுகிறான், விடுங்கள். டாக்டரிடமும் காட்டுங்கள், ஆனால் பயத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள்.

அஸ்தம்பட்டி_பிசியோ:

அண்ணா, நான் பிசியோதெரபிஸ்ட், எலும்பு மூட்டு டாக்டர் ஒருவரோடு வேலை செய்கிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: முழங்கையின் உள்பக்கம், வளரும் வயதுப் பையன், வீசும் கை, அழுத்தினால் வலி, முழுக்க நீட்ட முடியவில்லை. இந்த ஐந்தும் சேர்ந்தால் தைலம் தேய்த்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை.

பெரியவர்களுக்கு அந்த இடத்தில் தசைநார் கிழியும். பையன்களுக்கு அதற்கு முன்னாலேயே, எலும்பு வளர்கிற இடத்தில் குருத்தெலும்பாக ஒரு பகுதி இருக்கும், அதுதான் முதலில் விட்டுக்கொடுக்கும். ஒவ்வொரு பந்துக்கும் தசைநார் அதைப் பிடித்து இழுக்கிறது. கவனித்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரத்தில் அடங்கும், கவனிக்காமல் வீசினால் அந்த எலும்புத் துண்டே பிய்ந்து விலகலாம், அப்படி ஆனால் ஆபரேஷன் வரை போக வேண்டியிருக்கும். எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள், எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு கையையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வளரும் வயதில் ஒரு கையை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதுவரை ஒரு பந்துகூட வேண்டாம். வலி மாத்திரை போட்டு விளையாட விடவே கூடாது.

கிரிக்கெட் அறுபது பந்துக் கணக்கு இங்கே பொருந்தாது. கிரிக்கெட் பவுலர் முழங்கையை மடக்கி நீட்டி எறியக் கூடாது என்பது விதி, பேஸ்பாலில் அந்த மடக்கி எறிவதுதான் ஆட்டமே. இரண்டிலும் பாரம் விழும் இடம் வேறு.

ஏற்காடு_பழைய_பிடி:

தம்பி, நான் ஏற்காட்டில் பள்ளி உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கிரிக்கெட், ஹாக்கி, கடைசிப் பத்து வருஷம் சாஃப்ட்பாலும் பேஸ்பாலும். பிசியோ அம்மா சொன்னதை அப்படியே செய்யுங்கள்.

ஐந்துரோடு தம்பி மட்சுசாகாவைச் சொன்னார். அந்த ஆட்டத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, அந்தப் பையனின் மனதிடத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவர் கை தாங்கியது என்பதால் எல்லாக் கையும் தாங்கும் என்று ஆகாது, அவருக்கே 2011-ல் முழங்கையில் தசைநார் மாற்று ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. அந்த 250 பந்தைக் கொண்டாடிய ஜப்பானே 2020-லிருந்து பள்ளிப் பிட்சர் ஒரு வாரத்தில் 500 பந்துக்கு மேல் வீசக் கூடாது என்று வரம்பு வைத்துவிட்டது. அந்த 500-ம் அதிகம் என்றுதான் நான் சொல்வேன்.

இப்போது இன்னொரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ரோக்கி சசாகி. ஜப்பானின் இவாத்தே மாநிலம், கடலோர ஊர். 2011 சுனாமியில் அப்பாவையும் தாத்தா பாட்டியையும் இழந்தவன். அப்புறம் குடியேறிய ஒஃபுனாத்தோ என்ற ஊரில் சாதாரண அரசுப் பள்ளியில் சேர்ந்தான். பெரிய பள்ளிகள் இருந்தும், தன்னோடு ஆடிய பையன்களோடு சேர்ந்தே கோஷியன் போக வேண்டும் என்று அங்கேயே நின்றான். பள்ளி முடிக்கும் முன்பே 163 கிலோமீட்டர் வேகம். 2019 ஜூலையில் மாநிலப் போட்டி. ஒரு ஆட்டத்தில் 12 இன்னிங்ஸ் 194 பந்து. மூன்று நாள் கழித்து அரை இறுதியில் 129 பந்து. மறுநாளே இறுதி ஆட்டம், ஜெயித்தால் 35 வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பள்ளி கோஷியன் போகும். ஊரே வந்து உட்கார்ந்திருக்கிறது. பயிற்சியாளர் கோகுபோ அவனை இறக்கவே இல்லை. வீசவும் இல்லை, மட்டை பிடிக்கவும் இல்லை. 12-க்கு 2 என்று தோற்றார்கள். பள்ளிக்குப் போன் போட்டுத் திட்டித் தீர்த்தார்கள்.

அந்தப் பையன் 2022 ஏப்ரலில், 20 வயதில், ஜப்பான் தொழில்முறை லீகில் ஒரு ஆள்கூட முதல் பேஸுக்குப் போகாமல் முழு ஆட்டம் வீசினான். பெர்ஃபெக்ட் கேம். 19 பேர் ஸ்ட்ரைக் அவுட். 2025-ல் மேஜர் லீக் போய், அந்த வருஷமே உலகத் தொடர் ஜெயித்த அணியில் இருந்தான், ஓட்டானி ஆடுகிற அதே டாட்ஜர்ஸ். அவனுக்கும் நடுவில் தோளில் தொந்தரவு வந்தது, ஒரு நாள் உட்கார வைத்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒரு நாள் அந்தப் பயிற்சியாளர் என்ன பாடுபட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதே இடத்தில் நான் நின்று, தப்பான பக்கம் முடிவெடுத்திருக்கிறேன்.

என்னிடம் ஒரு பையன் இருந்தான். காப்பித் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளை, மலைச்சரிவில் கல்லெறிந்தே வளர்ந்த கை. வலிக்கிறது சார் என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னான். இன்றைக்கு மட்டும் போட்டுவிடு கண்ணு, அப்புறம் ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்றேன். ஜெயித்தோம், கோப்பையோடு இருபது கொண்டை ஊசி வளைவும் பாடிக்கொண்டே மலையேறினோம், அவன் மட்டும் ஜன்னல் ஓரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தான். அப்புறம் அவன் பழைய மாதிரி வீசவே இல்லை. இப்போது நன்றாக இருக்கிறான், கடை வைத்திருக்கிறான், என்னைப் பார்த்தால் டீ வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டான். அந்த டீ எனக்கு இன்றுவரை லேசாக இறங்கியதில்லை.

உங்கள் பையன் ஓட்டானி ரசிகன் என்கிறீர்கள், அவனிடம் இதைச் சொல்லுங்கள். ஹனமாக்கி ஹிகாஷி பள்ளியில் ஓட்டானி சேர்ந்தபோது, உடம்பு இன்னும் வளர்கிறது என்று பயிற்சியாளர் ஹிரோஷி சசாகி முதலில் அவரைப் பிட்சராகப் போடாமல் அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் தூரப் பகுதியில், ஃபீல்டராக நிற்கவைத்தார். 2011-ல், இரண்டாம் ஆண்டில், பிசியோ அம்மா சொன்ன மாதிரி எலும்பு வளரும் இடத்தில், இவருக்கு இடுப்புக்குப் பக்கத்தில், காயம். மாதக்கணக்கில் வீசவில்லை. அந்த நேரத்தில்தான் மட்டையில் இன்னும் ஆழமாக உழைத்தார், உடம்பை ஏற்றினார். 160 கிலோமீட்டர் பந்து வந்தது அடுத்த வருஷம், 2012 ஜூலையில். இன்று அவர் வீசவும் அடிக்கவும் செய்கிற ஆளாக இருக்கிறார் என்றால் அதில் அந்த வீசாத மாதங்களுக்கும் பங்கு இருக்கிறது என்பது என் நம்பிக்கை.

பந்துக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், உங்கள் சாரிடம் காட்டுங்கள். மேஜர் லீகும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வயதுவாரியாக ஒரு வழிகாட்டி வைத்திருக்கின்றன. 13, 14 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து. 20 பந்து வரை வீசினால் மறுநாளும் வீசலாம். 21 முதல் 35 வரை என்றால் ஒரு நாள் ஓய்வு, 36 முதல் 50 வரை இரண்டு நாள், 51 முதல் 65 வரை மூன்று நாள், 66-க்கு மேல் போனால் நாலு நாள். இது வலி இல்லாத கைக்கு. இந்தக் கணக்குப்படி, சனிக்கிழமை ஒரு முழு ஆட்டம் வீசுகிற பையன் ஞாயிற்றுக்கிழமை பந்தையே தொடக் கூடாது. பிட்சராக இருந்துவிட்டு அதே ஆட்டத்தில் கேட்சராகவும் (கிரிக்கெட் கீப்பர் மாதிரி) உட்காரக் கூடாது, கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான் அல்லவா. இரண்டாவது, மூன்றாவது பிட்சரைத் தயார் செய்யாத டீம் என்றைக்கும் ஒரு பையனின் கையைத்தான் தின்னும்.

ஓமலூர்_டென்னிஸ்பால்:

பெரியவர் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

நான் ஓமலூர் பக்கம், சின்னப்பம்பட்டி எங்களுக்குப் பக்கம்தான். நடராஜனை எல்லோரும் யார்க்கர் என்றுதான் பேசுவார்கள், அவர் எடுத்துக்கொண்ட காலத்தை யாரும் பேசமாட்டார்கள். அப்பா தறி வேலை, அம்மா ரோட்டோரம் கோழிக்கறிக் கடை. 20 வயது வரை டென்னிஸ் பந்து மட்டும்தான். 14 வயதில் அவரைப் பார்த்து, இவன் தாமதமாகிவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். 2015 ஜனவரியில் ரஞ்சியில் இறங்கியதும் பந்து வீசும் முறையில் சந்தேகம் என்று புகார், கை வரும் விதத்தை முதலிலிருந்து மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 2017-ல் ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி. இந்தியாவுக்கு முதல் ஆட்டம் 2020 டிசம்பர் 2, கான்பெராவில், 29 வயதில். நெட்டில் பந்து போடப் போனவர் அதே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இறங்கிவிட்டார். சட்டையில் தன் பெயருக்கு முன்னால் ஜே.பி. என்று போட்டிருப்பார், அது அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போன ஜெயப்பிரகாஷ் அண்ணனின் பெயர். உங்கள் பையனுக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும். அது நீங்களாகவும் இருக்கலாம் அண்ணா.

ஐந்துரோடு அண்ணன் சொன்ன சான்றிதழ் விஷயம் பொய்யில்லை, அந்தக் கவலை நம் வீடுகளில் உண்மையானது. ஆனால் இன்னும் மூன்று வருஷப் பள்ளிப் போட்டி பாக்கி இருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டில் கை இருந்தால் சான்றிதழ் தானாக வரும்.

இந்தியாவிலிருந்து யாரும் போனதே இல்லையா என்று பையன் கேட்டால், ரிங்கு சிங் (கிரிக்கெட் ரிங்கு சிங் இல்லை, இவர் வேறு), தினேஷ் படேல் இருவரைப் பற்றிச் சொல்லுங்கள். உத்தரப் பிரதேசத்துக்காரர்கள், ஈட்டி எறிந்தவர்கள், பேஸ்பாலைக் கையில் தொட்டதே இல்லை. 2008-ல் வேகமாக எறிகிறவரைத் தேடி ஒரு போட்டி நடத்தினார்கள், அதில் தேறி அமெரிக்கா போய்ப் பயிற்சி எடுத்து அதே வருஷம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். 2009-ல் மைனர் லீகில் ஆடினார்கள். தினேஷ் அடுத்த வருஷமே திரும்பிவிட்டார், ரிங்கு சிங்கிள் ஏ வரை ஏறினார், அப்புறம் காயங்கள் மேலே விடவில்லை. அவர்களும் மேஜர் லீகைத் தொடவில்லை. அந்த வாசல் இன்னும் நம் ஆளுக்குத் திறக்கவில்லை, அதைப் பையனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், தெரிந்தே ஆசைப்படட்டும்.

ஐந்துரோடு_ஆல்ரவுண்டர்:

பெரியவரே, அந்தப் பையனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அண்ணா, டாக்டரிடம் காட்டும்வரை வீச வேண்டாம்.

கொண்டலாம்பட்டி_அப்பா:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஞாயிறு ராத்திரி எழுதுகிறேன், இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம்.

புதன்கிழமை எலும்பு டாக்டரிடம் போனோம். இரண்டு கையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். பிசியோ தங்கச்சி சொன்ன அதே இடம். குருத்தெலும்பு இழுபட்டு லேசாக அகன்றிருக்கிறது, இன்னும் பிய்ந்து வரவில்லை, சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார். ஆறு வாரம் எறிதலே கூடாது, அப்புறம் மெதுவாக ஆரம்பிக்க வேண்டும். பையன் டாக்டர் முன்னால் ஒன்றும் பேசவில்லை. வண்டியில் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு குகை ஏரியா வரும்வரை அழுதான். நானும் வண்டியை நிறுத்தவில்லை, அழட்டும் என்று மெதுவாக ஓட்டினேன்.

சாரிடம் நானே போய்ச் சொன்னேன். பயந்துகொண்டேதான் போனேன். ஏற்காட்டு ஐயா கொடுத்த பந்துக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன். அவர் அதைப் படித்துவிட்டு, ஏன் இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை என்று பையனைத்தான் கேட்டார். டீமில் இருந்து எடுத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன் சார் என்றான். சார் அவன் தலையில் கைவைத்துவிட்டு வேறு எதுவும் கேட்கவில்லை.

போட்டிக்கு அவனும் போனான், சீருடை போட்டு பெஞ்சில் உட்கார்ந்தான். சனிக்கிழமை ஆட்டம் ஜெயித்தோம். இன்று காலை ஆட்டமும் எப்படியோ ஒரு ரன்னில். மாலை இறுதி ஆட்டத்தில் தோற்றுவிட்டோம். இவன் பழைய கணக்கு நோட்டில் கோடு போட்டு, வீசுகிற ஒவ்வொரு பையனுக்கும் பந்து எண்ணிக்கொண்டே இருந்தான். இன்று காலை ஆட்டத்தில் எட்டாவது படிக்கிற ஒரு சின்னப் பையன் வீசினான், நன்றாகத்தான் வீசிக்கொண்டிருந்தான், ஆட்டமும் சமமாக இருந்தது. என் பையன் எழுந்து சாரிடம் போய், அவன் ஐம்பதைத் தொட்டுவிட்டான் சார், மாற்றிவிடுங்கள் என்றான். சார் மாற்றினார்.

ஒரு உதவி. மற்றப் பையன்களுக்கும் கணக்கு வைக்க வேண்டும் என்று சார் கேட்கிறார். 15, 16 வயதுக்கு என்ன அளவு என்று ஏற்காட்டு ஐயா சொன்னால் அதையும் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

ஏற்காடு_பழைய_பிடி:

15, 16 வயதுக்கும் ஒரு நாளில் 95-தான் தம்பி, ஓய்வு நாள் கணக்கு மட்டும் கொஞ்சம் மாறும்: 30 பந்து வரை ஓய்வு தேவையில்லை, 45 வரை ஒரு நாள், 60 வரை இரண்டு, 75 வரை மூன்று, அதற்கு மேல் நாலு. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், வருஷத்தில் நாலு மாதம் பிட்சிங்கே கூடாது.

ஆறு வாரம் முடிந்து டாக்டர் சரி என்றதும் பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே கூட்டிவாருங்கள். கோடை விழாக் கூட்டம் வருவதற்கு முன்னால் வந்தால் மைதானம் காலியாக இருக்கும். பந்து நான் கொண்டுவருகிறேன், அவன் அந்த நோட்டை மட்டும் கொண்டுவரட்டும். முதல் நாள் இருபது அடி தூரத்தில் நின்று இருபது பந்து, அவ்வளவுதான்.